பாதிச் செம்புத் தண்ணீர்

மனிதனுக்குக் கவலை என்ற ஒன்று இனித் தேவையில்லை என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் போடிநாயக்கனூரில் என்னால் நிரூபிக்கப்பட்டது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அம்மைக்கு ஊசி கண்டுபிடித்தவர் பெருமைக்காகவா கண்டுபிடித்தார்? யாராவது ஒருவர் செய்ய வேண்டிய வேலை. மற்றவர்களுக்கு நேரமில்லை, எனக்கு இருந்தது. நேரம் இருந்ததற்குக் காரணமும் அம்மைதான். மதுரையில் எங்கள் கல்லூரி விடுதியில் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். விடுதியைப் பூட்டி, வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, தப்பிப் பிழைத்தவர்களை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

என் சொந்த ஊர் ராசிங்காபுரம். ஆனால் நான் போடியிலேயே சுருளியம்மாள் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டேன். ராசிங்காபுரத்தில் ஐயா, ஆத்தா, இரண்டு ஜோடி மாடுகள். நான் பேசுவதை இடைமறிக்காமல் கேட்கும் பக்குவம் மாடுகளுக்கு மட்டும் இருந்தது. அவையும் விடிந்தால் உழவுக்குப் போய்விடும். அக்கா வீட்டில் அப்படியில்லை. அங்கே நோயாளியே இருந்தாள்.

முதலில் மருந்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்தில் ஸ்டோயிக்குகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தூண் மண்டபத்தில் கூடிப் பேசுவார்கள். மழை வந்தாலும் பேச்சு நிற்காத ஏற்பாடு. எங்கள் தத்துவ விரிவுரையாளர் இவர்களை ஒன்றரை வகுப்பில் நடத்தி முடித்தார். சாரம் இவ்வளவுதான். உலகத்தில் இருப்பதெல்லாம் இரண்டு வகை: நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது. நம் எண்ணமும் நடத்தையும் நம் கையில். மழை, காய்ச்சல், அடுத்தவர் வாய், சாவு, இவை நம் கையில் இல்லை. கையில் இல்லாததற்காக அழுகிறவன் அடுத்த வீட்டு மாடு கறக்கவில்லை என்று அழுகிறவன். இதோடு ஒரு பயிற்சியும் உண்டு. காலையில் எழுந்ததும் நமக்குப் பிரியமானதைப் பார்த்து, ‘இது இன்று இல்லாமல் போகலாம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிச் சொல்லி மனம் பழகிவிடும். பிறகு அது போனாலும் அதிர்ச்சி கிடையாது; இருந்தால் லாபம்.

அந்த வகுப்பு முடிந்து வெளியே வந்த விரிவுரையாளர், தன் குடையைக் காணோம் என்று அடுத்த மணி அடிக்கும்வரை பியூனை ஏசிக்கொண்டிருந்தார். ஒரு குடையை வைத்துத் தத்துவத்தை எடைபோடக் கூடாது என்று நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் பேனாவைப் பார்த்துத் தினமும் சொல்லி வந்தேன். ஒரு நாள் பேனா காணாமல் போனது. எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அது மை ஒழுகும் பேனா என்பது வேறு விஷயம்.

இனி நோயாளி. அக்கா, அப்துல் ஹமீது ராவுத்தரின் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போகிறவள். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் உலர்ந்த காயைச் சலித்து, பச்சை ஒருபக்கம், வெளிறியது ஒருபக்கம், வெடித்தது ஒருபக்கம் என்று பிரிக்கிற வேலை. அவள் வீட்டுக்காரர் சீனிச்சாமி மச்சான் அதே ராவுத்தரின் ஜீப்பை ஓட்டுகிறார். யுத்தத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக மறந்த ஜீப்பு. காலையில் முந்தலில் மலையடியைத் தொட்டு, வளைந்து வளைந்து போடிமெட்டு ஏறி, தோட்டங்களுக்கு அரிசியும் ஆட்களும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாயங்காலம் காய் லோடோடு இறங்குவார். மச்சானுக்குப் பெரிய மீசை. குரல் மட்டும் மீசைக்குச் சம்பந்தமில்லாமல் மெதுவாக இருக்கும்.

புரட்டாசியில் புலியூத்து வளைவில் ஒரு லாரி உருண்டது. ஓட்டியவர் பிழைக்கவில்லை; அவர் மச்சானின் கூட்டாளி. அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அன்றிலிருந்து அக்காவுக்கு மத்தியானச் சோறு இறங்குவதில்லை. எங்கோ ஒரு ஹாரன் கேட்டால் கையிலுள்ள காய் எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்பது மறந்துவிடும். வெயில் சாயத் தொடங்கினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். மச்சான் வீடு வந்து சேர்ந்த பிறகாவது தூங்கலாம் அல்லவா? அதுவும் கிடையாது. பக்கத்தில் படுத்திருப்பவர் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாளாம். விரல் பட்டு அவர் தும்மினால்தான் அவளுக்கு நிம்மதி. நான் ரயிலடியிலிருந்து நடந்து வந்து நின்றபோது, வாசலில் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் ஒரு பெரியம்மா நின்றிருந்தாள். “அக்கா இருக்காகளா?” என்று கேட்டேன். “நாந்தான்டா” என்றாள் அக்கா. பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். ஸ்டோயிக்குகள் அதிர்ச்சி அடையக் கூடாது என்பது நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று.

போடியில் மலைக்குப் போகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவருக்கு வாசற்படியில் வைத்து ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார்கள். அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பாதிச் செம்பைத் தட்டுப் போட்டு மூடிச் சன்னல் திண்டில் வைத்துவிடுவார்கள். யாரும் தொடக்கூடாது. சாயங்காலம் வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால் அவரே அதைக் குடித்து முடிக்க வேண்டும். மிச்சம் வைத்துவிட்டுப் போனவன் அதைக் குடிக்கவாவது வந்துதான் ஆக வேண்டும் என்பது நம்பிக்கை. அக்கா வீட்டுச் சன்னல் திண்டில் சுண்ணாம்பின் மேல் செம்பின் அடிவட்டம் ஒரு வளையமாகப் பதிந்தே போயிருந்தது. ஒருநாள் காலை, மச்சான் ஜீப்பைக் கிளப்பக் காத்திருந்தபோதே விசாரணையைத் தொடங்கினேன்.

“அக்கா, ஒரு செம்புத் தண்ணிக்கும் ஒரு ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்?”

“ரேடியேட்டருக்கு ஊத்துவோம்” என்றார் மச்சான்.

“அதைக் கேக்கல மச்சான். இதுக்குள்ள ஒரு எறும்பு விழுந்து செத்தா மலையில என்ன ஆகும்? பூனை தட்டிவிட்டா பிரேக் போயிருமா? தாகம் உள்ளவங்களை மட்டும் மலை திருப்பி அனுப்பும்னு எந்தப் பூகோளப் புஸ்தகத்துலயும் இல்ல.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா, சோலியப் பாரு” என்றாள் அக்கா. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். தண்ணீர் அலம்பக்கூடாதாம்.

எனக்குச் சோலி எதுவும் இல்லாததால் கடைத்தெருப் பக்கம் கிளம்பினேன். “போறேன்” என்றேன்.

“போயிட்டு வர்றேன்னு சொல்லு.”

“போறது என் கையில இருக்கு, சொல்றேன். வர்றது என் கையில இல்ல. இல்லாததை எப்படிச் சொல்றது?”

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தெரிந்தது கோபம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரத்திலேயே அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோன சாக்கில் கிட்டங்கியில் என் முதல் சொற்பொழிவை நிகழ்த்தினேன். பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, சல்லடை அசைய, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்கள். கிட்டங்கியின் எதிர்க்கட்சி மூக்கம்மாள். அவள் வீட்டுக்காரரும் மகனும் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகிறவர்கள்.

“கையில இருக்கது, கையில இல்லாதது. சரி அப்பு, வெளங்குது” என்றாள். “எம் மருமக இதுல எதுல சேத்தி?”

“கையில இல்லாததுல.”

“அது எனக்கே தெரியுமே. இதச் சொல்லித் தரவா மதுரையில கட்டடம் கட்டி வச்சிருக்காக?”

பேச்சி என்ற இளம்பெண் சிரித்ததில் ஒரு குவியலே கலைந்தது. சபை இளகியிருக்கும்போதே பயிற்சியைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“தினம் காலையில வீட்டுக்காரர் கிளம்புறப்ப அவர் முகத்தைப் பாத்து, ‘இவுக இன்னைக்குத் திரும்பி வராமப் போகலாம்’னு மனசுக்குள்ள சொல்லிக்கணும். அவ்வளவுதான். கவலை விட்டுரும்.”

சல்லடைகள் நின்றன. யார் மடியிலிருந்தோ உருண்ட ஒரு காய் தரையில் விழுந்து ஓடி நின்றது கேட்டது. பேச்சி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூக்கம்மாள் முகத்தில் கேலி போயிருந்தது. அவளைக் கேலி இல்லாமல் பார்ப்பது துணியில்லாமல் பார்ப்பதுபோல் இருந்தது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

“எந்திரிச்சு வெளிய போயி வாயக் கொப்பளிச்சிட்டு வா” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

நான் எழுவதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து என்னை அவள் அடித்ததில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கன்னத்தில் அறை விழுந்த பிறகும் வெகுநேரம் ஏலக்காய் மணந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“தம்பி, நாங்க எதச் சொன்னாலும் ‘இன்ஷா அல்லாஹ்’னு சேத்துக்குவோம். இறைவன் நாடுனா நடக்கும். அதோட நிறுத்திக்கிடணும். நாடலேன்னா என்னன்னு பொம்பளைங்க முன்னால வெவரிக்கக் கூடாது.”

ராவுத்தர் பாதி தேர்ச்சி பெற்ற ஸ்டோயிக்கு என்று மனதில் குறித்துக்கொண்டு வெளியேறினேன்.

அன்று விளக்கு வைத்த பிறகு அக்கா அடுப்படியிலிருந்தபடியே பேசினாள். மச்சான் அப்போதுதான் செம்பைக் காலி செய்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

“அதச் சொன்னா தூக்கம் வருமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்து விற்பவனிடம் யாராவது நிஜமாகவே வாங்க வந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும்போல. “வரும்” என்றேன்.

“நெசமாவா?”

“ரெண்டாயிரம் வருஷமாச் சொல்லிப் பாத்திருக்காங்க.”

“அவுக வீட்டாளுகளும் மலைக்குப் போனாகளா?”

கிரேக்க தேசத்தில் மலைகள் உண்டு என்பதால் ஆமாம் என்றேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தூங்கணும்டா. செத்தாப்புல ஒரு தூக்கம்” என்றாள்.

மறுநாள் காலை, மச்சான் பாதிச் செம்பைத் திருப்பித் தந்தபோது அக்காவின் உதடு அசைந்தது. ஜீப்பு தெரு திரும்பியதும் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். அடுத்த நாளும் அப்படியே. மருந்து வேலை செய்வதன் அறிகுறி என்று விளக்கினேன். பிறகு வாந்தி நின்றது. பிறகு உதடு அசைவதும் நின்றது. உள்ளேயே சொல்லப் பழகிவிட்டாள். ஒருநாள் கிட்டங்கியில் மத்தியானம் தூக்குவாளியை வழித்துச் சாப்பிட்டதாக மூக்கம்மாள் வந்து சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை, பூசாரி செய்வினைக்காரனைப் பார்க்கிற பார்வை. அக்கா தூங்கினாள். குறட்டை விட்டுத் தூங்கினாள். கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு போனது. ராவுத்தர்கூட, “உங்க அக்கா இப்ப ஒரு காய்கூட மாத்திப் போடுறதில்ல” என்றார்.

பிறகு ஒரு காலை, மச்சான் போனதும் அக்கா மீதித் தண்ணீரோடு சன்னலுக்குப் போகாமல் கொல்லைக்குப் போனாள். கருவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றினாள். செம்பைப் புளிபோட்டு விளக்கி, மற்றப் பாத்திரங்களோடு கவிழ்த்தினாள்.

“நீ சொன்னது சரிதான்டா. தண்ணி என்ன செய்யும்” என்றாள்.

ஒரு தத்துவம் கண்ணெதிரே ஜெயிப்பதை எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? அடுத்ததாகப் பக்கத்து ஊர் தேவாரத்துக்குப் போய் அங்குள்ள விவசாயிகளின் யானைக் கவலையை எடுத்துக்கொள்வதாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பார்க்காமலேயே கையைச் சன்னல் திண்டுக்கு நீட்டினார். கை வெறும் வளையத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது. இருட்டில் படி இல்லாத இடத்தில் கால் வைத்தவர் முகம்போல இருந்தது அவர் முகம். அக்கா பானையிலிருந்து புதுத் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். “அதக் காலையிலயே கொட்டிட்டேன்” என்றாள், மோர் தீர்ந்துவிட்டது என்பதுபோல. மச்சான் முழுவதையும் குடித்தார்.

அதற்குப் பிறகு ராவுத்தர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கிட்டங்கியில் அப்போது வேறு யாரும் இல்லை.

“உங்க மச்சான என்ன செஞ்ச?”

“மச்சானையா? அக்காவுக்குத்தான் வைத்தியம் பார்த்தேன்.”

“ஜீப்புல ஏறுன ஆளுக பாதி மலையில இறங்கி நடந்து போயிருக்காக. புலியூத்துக்கிட்ட வண்டிய நிறுத்திட்டு, ஸ்டியரிங் வளையத்தப் புடிச்சபடி உக்காந்திருக்காரு. கூப்புட்டா பேச்சில்ல. கையி மட்டும் ஆடுதாம். நேத்து முந்தலோட திரும்பிட்டாரு, கிளச்சு சரியில்லன்னு. கிளச்ச நானே பாத்தேன், நல்லாத்தான் இருக்கு.” ராவுத்தர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு வேற டிரைவரு கெடைப்பாரு தம்பி. அவருக்கு வேற கை கெடைக்குமா?”

மச்சானையும் குணப்படுத்துவது என்று மறுநாள் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பின்னால் அரிசி மூட்டைகள் மட்டும். முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நான் தொடங்கினேன்: வளைவு நம் கையில் இல்லை, பள்ளம் நம் கையில் இல்லை, ஸ்டியரிங் மட்டுமே நம் கையில்.

“அதுவும் இல்ல மாப்ளே” என்றார் மச்சான். “இந்தா பாரு, ரெண்டு பக்கமும் ஆட்டம் இருக்கு.” வளையத்தை அசைத்துக் காட்டினார். வண்டி அதைக் கவனிக்காமல் நேராகப் போயிற்று.

புலியூத்துக்குக் கீழே மூடுபனி இறங்கியிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, கல்லு வைக்கச் சொன்னார். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தேன். அவர் கைகள் வளையத்தின் மேல் இருந்தன. வண்டி ஓடாதபோதும் அவை ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய கைகள் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. பெரிய பெரிய சொற்களாக வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, வைத்த கல்லை இன்னொரு முறை காலால் அழுத்திவிட்டு வந்தேன்.

“சுருளி நல்லாத் தூங்குறா மாப்ளே. நல்லதுதான். இப்ப நாந்தான் தூங்காம அவளப் பாத்துக்கிட்டே கெடக்குறேன்” என்றார். கீழே பள்ளத்தில் எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம். “முன்னாடி இந்த எடத்துல வந்தா செம்பு ஞாபகம் வரும். இந்த வளைவ ஒழுங்கா ஒடிச்சா அதக் குடிக்கலாம். அடுத்தத ஒடிச்சாக் குடிக்கலாம். அப்படித்தான் எறங்குறது. நான் வராட்டி அவ செத்துருவான்னு ஒரு பயம். அந்தப் பயத்துலதான் பிடி இருந்துச்சு. இப்ப, நான் போயிட்டாலும் அவ தாங்கிக்கிருவான்னு தெரியுது. தாங்கிக்கிருவான்னு தெரிஞ்ச அன்னைக்கே கை தளந்துருச்சு.”

கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனி விலகியதும் ஏறினோம், இறங்கினோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் கம்பியை எப்படிப் பிடித்திருந்தேன் என்பதை உள்ளங்கை இரண்டு நாள் சொல்லிற்று.

வீட்டுக்கு வந்ததும், மச்சான் கொல்லையில் இருந்த நேரமாகப் பார்த்து, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி செம்பை வைத்துவிடு என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வச்சா மறுபடி எனக்கு வயிறு வலிக்கும்டா.”

“மச்சானுக்குக் கை ஆடுதுக்கா.”

அவள் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எறிந்தாள். “அவுக கை ஆடுறது என் கையில இல்லையேடா” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை ஒப்பிக்கிற குழந்தையின் முகம். இந்தப் பாடத்தில் இவ்வளவு சுத்தமாகத் தேறிய ஒருவரை எங்கள் விரிவுரையாளர் பார்த்தே இருக்க மாட்டார்.

அடுத்து வந்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. மலை கண்ணுக்கே தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. தோட்டத்தில் அரிசி தீர்ந்துவிட்டதென்று ஆள் வந்தது. மழை கொஞ்சம் வெளிவாங்கிய ஒரு காலையில் மச்சான் கிளம்பினார். வாசற்படியில் நின்று செம்பை வாங்கி, பழக்கதோஷத்தில் பாதியோடு நிறுத்தினார். பிறகு நினைவு வந்தவர்போல மீதியையும் அண்ணாந்து குடித்துவிட்டுக் காலிச் செம்பைத் தந்தார். “போயிட்டு வர்றேன்” என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும்போல, அது முடியும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினார்.

மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டியது. நான் கிட்டங்கி வாசலில் நின்றிருந்தேன். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, குறுக்குப் பாதையாகவே நடந்து இறங்கிய மலைச்சாமி என்ற வாட்சர் வந்து சேர்ந்தார். புலியூத்துக்குக் கீழே ரோடு சரிந்துவிட்டது என்றார். மரமும் மண்ணும் பாறையுமாகப் பள்ளத்தில் கிடக்கிறது.

“எங்க ஜீப்பு?” என்றார் ராவுத்தர்.

“மேலேருந்து எறங்குனதப் பாத்தவுக இருக்காக பாய்” என்றார் மலைச்சாமி. “கீழ வந்ததப் பாத்தவுக இல்ல.”

ராவுத்தர் ‘யா அல்லா’ என்று சொல்லியபடி உட்கார்ந்தவர், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். கயிறு, மண்வெட்டி, தார்ப்பாய், பெட்ரோமாக்ஸ் எல்லாம் லாரியில் ஏறின. வெரசா, வெரசா என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏறுகிற ஆட்களில், “நானும் வர்றேன்” என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று தெரிந்தபோது எனக்கே திடுக்கென்றது. அக்காவிடம் சொல்லிவிட்டு ஓடி வா, லாரி நிற்கும் என்றார் ராவுத்தர். மழைக்காக அன்று பெண்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அக்கா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குழவி ஒருமுறை நின்றது. பிறகு போய் வந்தது.

“காலையிலயே சொல்லிட்டேன்டா” என்றாள்.

“என்னக்கா சொன்ன?”

“நீ சொல்லிக்குடுத்தத.”

மிளகாயை வழித்து உருட்டினாள். விரலைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். “மழையில போற. ரெண்டு வாயி சாப்ட்டுட்டுப் போ” என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தையில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவன்போல அந்த முகத்தில் என் பழைய அக்காவைத் தேடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறவளை, ஹாரனுக்கு நடுங்குகிறவளை, என்னை அறைந்தவளை. கன்னம் தேறி, கண் தெளிந்து, நிம்மதியான ஒரு பெண் எனக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என் மருந்து முழு வெற்றி. கையில் இருப்பது, கையில் இல்லாதது என்று மனதுக்குள் தொடங்கினேன். கையில் இருப்பது என்ற பக்கத்தில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. மலை, சரிந்த ரோடு, இன்னும் சரியப்போகிற ரோடு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு சக்கரம். கடைத்தெருவிலிருந்து லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

சாப்பிடவில்லை. பாத்திரங்களோடு கவிழ்ந்திருந்த செம்பை எடுத்தேன். பானையில் முழுக்க மொண்டு, வாசற்படிக்கு வந்து நின்று, அண்ணாந்தேன். ஒரு மடக்கு. அதற்கு மேல் குடிக்காமல் செம்பை இறக்கினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அலம்பாமல், சன்னலுக்கு நடந்தேன். சுண்ணாம்பு வளையத்தில் செம்பு தானாகப் பொருந்தி உட்கார்ந்தது.

அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மிளகாய்ச் சிவப்பு.

“பாதி குடிக்கணும்டா” என்றாள். “அம்புட்டையும் மிச்சம் வச்சிருக்க.”

“ரெண்டு பேரு குடிக்கணும்லக்கா.”

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டேன். “போயிட்டு வர்றேன்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், மழைச் சத்தத்தில் கேட்டிருக்குமா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை சொன்னேன். படியிறங்கிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால், செம்பை மூடுவதற்குத் தட்டை வைக்கும் சத்தம் வந்தது. ஒரே தட்டலில் அது உட்காரவில்லை. விளிம்பில் கிடுகிடுவென்று பல தடவை பட்டு, நெடுநேரம் ஆடி, கடைசியில் அமர்ந்தது.